போர்க்கால இல்லமும் ஓட்டைக் காலணாவும்

போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தது பழந்தமிழர் மரபு. அவனைப் போருக்கு அனுப்பியவளுக்கோ கல் எடுக்கப்படவில்லை, பாட்டுத்தான் கிடைத்தது. புறநானூற்றின் 279ஆம் பாடலில், முன்னைப் போரில் உறவினனையும் பின்னைப் போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, எஞ்சிய ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் பாடியுள்ளார். மூதின்முல்லை என்று துறை வகுத்த நம் முன்னோர், போருக்கு வீடும் ஒரு களமே என்பதை உணர்ந்திருந்தனர்.

பிற்காலத்து நினைவுச் சின்னங்களில் இவ்வுணர்வு அருகியே காணப்படுகின்றது. 1914ஆம் ஆண்டுப் பெரும்போருக்குத் தம் ஊரிலிருந்து எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மாண்டனர் என்று கூறும் கல்வெட்டுகள் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளன. தில்லியில் 1931இல் இந்தியா வாயிலும், 2019இல் தேசியப் போர் நினைவிடமும் திறக்கப்பெற்றன. இவை வேண்டுவனவே. ஆயினும், அவ்வீரர்கள் விட்டுச்சென்ற வீடுகள் எதை உண்டன, எதற்கு அஞ்சின என்பதைச் சொல்லும் சின்னம் எங்கே?

அச்சத்தைச் சொல்லும் பொருள் ஒன்று சென்னையில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கலங்களைச் சுட்டு எரித்தது. அக்குண்டின் சிதறல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. உயர்நீதிமன்ற மதிலிலும் ஒரு கல்வெட்டு உண்டு. அவற்றைக் காணாதவரும் எம்டன் என்னும் சொல்லை அறிவர். வல்லாளனை அப்பெயரால் அழைப்பது தமிழ் வழக்காகவே ஆகிவிட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் சப்பானியர் குண்டுக்கு ஆளானபோது, சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினர்.

திருவிதாங்கூருக்குக் குண்டினும் கொடியதாய் வந்தது பசி. நாஞ்சில் நாடு நெற்களஞ்சியமாய் விளங்கியும், சமத்தானத்தின் தேவைக்கு அது போதவில்லை. பருமா அரிசியையே மக்கள் பெரிதும் நம்பியிருந்தனர். 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு முறை வந்தது. அந்நாளில் ஏழை எளியவரின் உயிரைத் தாங்கியது மரச்சீனி எனத் தென் திருவிதாங்கூரில் வழங்கும் மரவள்ளிக்கிழங்கே. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்ப முயன்றதன் பயனை, அறுபது ஆண்டுகட்குப் பின்னர் அவர்தம் குடிகள் துய்த்தனர்.

நெடுமங்காட்டைக் கடந்து, விதுரா வழியே பொன்முடிக்கு ஏறும் சாலையில் இன்று செல்வோர் மலையழகையே காண்பர். அடிவாரச் சரிவுகளில் நிற்கும் மரச்சீனியும் இரப்பரும் அவர்கள் கருத்தைக் கவர்வதில்லை. மரச்சீனியோ பஞ்சநாளில் அடுப்பெரியச் செய்த பயிர். இரப்பரோ, மலேயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தபின் நேச நாட்டுப் படைகளின் வண்டிகளுக்கு இன்றியமையாததாகித் திருவிதாங்கூர்த் தோட்டங்களின் மதிப்பை உயர்த்திய பயிர். கண்ணெதிரே வளரும் இவையும் போரின் சின்னங்கள் அன்றோ!

இனி, பெட்டியில் வைத்துக் காக்கத்தக்க சின்னங்களைக் காண்போம். 1940இல் வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளி, பாதியாகக் குறைந்தது. அவ்வாண்டே ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. 1943இல் இரண்டு ரூபாய்த் தாள் தோன்றியது. அதே 1943இல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு அடிக்கப்பெற்றது ஓட்டைக் காலணா. அதன் எடை பழைய காலணாவின் எடையில் பாதிக்கும் குறைவு. துப்பாக்கிக்குச் சென்ற செம்பு போக எஞ்சியதே ஏழையின் கைக்கு வந்தது என்பதை அத்துளை இன்றும் காட்டுகின்றது. பங்கீட்டு அட்டை, போர்முனையிலிருந்து வந்த கடிதம், பட்டாள ஓய்வூதியத் தாள் ஆகியனவும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

இலண்டனில் பேரரசுப் போர் அருங்காட்சியகம் 1917இல், போர் முடியுமுன்னரே தொடங்கப்பெற்றது. பெண்கள் ஆற்றிய பணிக்குரிய பொருள்களைத் திரட்ட அதில் தனிக்குழுவே இயங்கிற்று. நினைப்பவர் உயிரோடிருக்கும்போதே திரட்ட வேண்டும் என்னும் அறிவு அவர்களுக்கு இருந்தது.

நமக்கோ காலம் மிகவும் குறுகிவிட்டது. 1942இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். அவர்தம் பேழையில் கிடக்கும் ஓட்டைக் காலணா பழையன வாங்குவோரிடம் சென்றுவிட்டால், அது வெறும் நாணயமே. முதற்போரின் பதக்கத்து விளிம்பில் வீரனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். காலணாவிலோ பங்கீட்டு அரிசிக்காகக் காத்துநின்ற தாயின் பெயர் இல்லை. அதை நாமே எழுதிவைத்தல் வேண்டும்: எவர் வீட்டுப் பொருள், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு சேர்த்துவைத்தால் போதும். தமிழ்ச் சங்கங்கள் தம் நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குமாயின், கல் எடுக்கப்படாத அத்தாய்மார்க்கு அதுவே நடுகல்லாகும்.