பரிசோதிக்கப்படாத 1,38,624 பெண்கள்

2013 ஜூன் மாதம் சிகாகோவில் கூடிய புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில், மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று முதன்மை அமர்வில் முன்வைக்கப்பட்டது. கருப்பைவாயில் நீர்த்த வினிகரைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், புற்றாக மாறக்கூடிய திசு வெள்ளையாகத் தெரியும். பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து இதைச் செய்ய வைத்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. பத்திரிகைகள் வினிகரைக் கொண்டாடின.

சரி, குறைந்தது யாரோடு ஒப்பிட்டு?

1998-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் இந்த ஆய்வு தொடங்கியது. பணம் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினுடையது. சுமார் 75,000 பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. இன்னொரு 76,178 பேருக்கு நோயின் அறிகுறிகள் பற்றி ஒருமுறை விளக்கம், அவ்வளவுதான். பிறகு யார் யாருக்குப் புற்று வருகிறது, யார் இறக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தார்கள்.

இதே காலத்தில் இன்னும் இரண்டு ஆய்வுகள் நடந்தன. இரண்டிலும் பிரான்சில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பங்கேற்றது, கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஒன்று மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்றைய தாராசிவ்). மற்றொன்று நம் திண்டுக்கல்லில், அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவ மையத்தை ஒட்டிய கிராமங்களில். திண்டுக்கல்லில் செவிலியர் செய்யும் வினிகர் சோதனைக்கான குழுவில் 49,311 பெண்கள் இருந்தனர். 30,958 பேருக்குச் செய்யவில்லை. உஸ்மானாபாத்தில் செய்யப்படாதவர்கள் 31,488 பேர். மூன்றையும் கூட்டினால் 1,38,624. அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள்.

ஆய்வாளர்களின் பதில் எளிமையானது. இந்தியாவில் இந்த நோய்க்கு முன்கூட்டிய பரிசோதனைத் திட்டமே கிடையாது, ஆகவே பரிசோதனை இல்லாததுதான் இங்கே வழக்கமான நிலை. யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. உஸ்மானாபாத்தில் வினிகராலும் பாப் ஸ்மியராலும் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. எச்பிவி சோதனை மட்டுமே அதைப் பாதியாக்கியது. ஒப்பிட்டுப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது.

ஆனால் எதோடு ஒப்பிட வேண்டும்? அங்கே நான்கு குழுக்கள் இருந்தன. எச்பிவி குழுவில் 34 பேரும் பாப் ஸ்மியர் குழுவில் 54 பேரும் இறந்தார்கள். எந்தச் சோதனை மேல் என்பது இதிலேயே தெரிகிறது. ஒன்றும் பெறாத நான்காவது குழுவில் 64 பேர் இறந்தார்கள். முன்கூட்டிய பரிசோதனை தொடங்கியபின் வட ஐரோப்பிய நாடுகளில் இந்த இறப்புகள் சரிந்தது 1980களிலேயே பதிவாகிவிட்டது. அமெரிக்காவில் இப்படி ஒரு குழுவை வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் விட்டிருக்காது. புதிய முறையை இருப்பதில் சிறந்த முறையோடுதான் ஒப்பிட வேண்டும் என்று 2000-ல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனமும் சொல்லிற்று.

வழக்கமான நிலை என்ற சொல்லில்தான் நமக்குச் சிக்கல். காலனிக்குக் குடிநீர்க் குழாய் வராதது இயற்கை அல்ல, ஊராட்சியில் யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவையே ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டால், புறக்கணிப்பு அறிவியலின் அளவுகோலாகிவிடுகிறது.

வியட்நாமில் பாப் ஸ்மியர் திட்டத்துக்காக உழைத்த அமெரிக்க மருத்துவர் எரிக் சுபா விடாமல் புகார் கொடுத்தார். ஆய்வில் பங்கேற்போரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அலுவலகம், மும்பைப் பெண்களுக்குப் போதிய தகவல் தராமலே ஒப்புதல் பெறப்பட்டதாக 2012-ல் முடிவு செய்தது. (2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசித் திட்டத்துக்கு, பழங்குடி மாணவியரின் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.)

பன்னாட்டுக் கூட்டு ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் ஒரே ஒருமுறை செய்த சோதனை இறப்பை 35 சதவீதம் குறைத்தது. அந்த முடிவு 2007-ல் வெளியானது. அதே ஆண்டு தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் வினிகர் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. இன்று நம் அம்மாக்களும் அக்காக்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் சோதனை செய்துகொள்ள முடிவதில் அந்த 30,958 பேருக்கும் பங்கு உண்டு. அவர்களைக் கேட்டுக் கொடுத்த பங்கா என்பதுதான் கேள்வி.

சமூகப்பணி, சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்த மூன்று ஆய்வுக் கட்டுரைகளையும் படிப்பு வட்டத்தில் எடுத்துப் பேசலாம். முடிவுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள், ஒப்புதலை எப்படி வாங்கினார்கள் என்ற பத்திகளுக்குப் போங்கள்.