லூயிஸ் பேங்க்ஸ்

லூயிஸ் பேங்க்ஸ் (பிறப்பு: 11 பிப்ரவரி 1941, டார்ஜிலிங்) இந்திய ஜாஸ் பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். இயற்பெயர் டம்பர் பகதூர் புடாபிரிதி. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இவர் பெயர் தெரியாவிட்டாலும் கைவண்ணம் தெரியும்: பல மொழிகளில் ஒலிக்கும் 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாடலின் வாத்திய இசையை ஒழுங்குசெய்தவர் இவர்தான். விளம்பர உலகம் இவரை மும்பைக்காரராகவே அறியும். ஆனால் இவரை இன்றைய பேங்க்ஸ் ஆக்கியது கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட். அங்கே இருந்தது பத்தாண்டுக்கும் குறைவு. கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கேதான்.

குடும்பம்

பேங்க்ஸின் தாத்தா பகத் பகதூர் புடாபிரிதி நேபாள அரசவையின் இசைக்கலைஞர். 1899இல் அவர் போட்ட மெட்டுதான் பிற்பாடு நேபாளத்தின் தேசிய கீதமானது. மன்னராட்சிக்கு எதிரான கிளர்ச்சி வென்ற 2006 வரை அந்த மெட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தந்தை புஷ்கர் பகதூர் டிரம்பெட் வாசிப்பவர். பிழைப்புக்காக 1940களில் கல்கத்தாவுக்கு வந்தார். ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் நிறைந்த இசைக்குழுக்களில் நேபாளிப் பெயர் எடுபடவில்லை. ஜார்ஜ் பேங்க்ஸ் ஆனார். மகனுக்கும் அதே வழியில் பெயர் மாறியது. 'லூயிஸ்' என்பது டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக வைத்தது.

ஜார்ஜ் பேங்க்ஸ் வந்து சேர்ந்த கல்கத்தாவைப் பற்றிச் சொல்லாமல் மகன் கதைக்குப் போக முடியாது. உலகப் போர்க்காலம். நகரெங்கும் அமெரிக்க, பிரிட்டிஷ் படையினர். சௌரங்கியில் இருந்த கிராண்ட் ஓட்டலில் டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார். 1920களில் சிகாகோவில் பியானோக் கலைஞர் எர்ல் ஹைன்ஸோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட விரல்கள் அவருடையவை. ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் இருந்தவர். 1926இல் ஆசியாவுக்குக் கப்பலேறி ஷாங்காய், பம்பாய் என்று சுற்றிக் கடைசியில் கல்கத்தாவில் தங்கிவிட்டார். அவருடைய குழுவில் கோவாக்காரர்கள் இருந்தார்கள், ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து ஓடிவந்தவர்கள் இருந்தார்கள், நேபாளியான புஷ்கர் பகதூரும் இருந்தார். 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்ட் காலராவில் இறந்தபோது வயது 41. சிகாகோ ஜாஸ் ஏட்டுக்கல்வியாக அல்ல, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த பழக்கமாகவே பேங்க்ஸ் வீட்டுக்குள் வந்தது என்பதற்கு இந்த ஒரு தொடர்பு போதும்.

லூயிஸ் டார்ஜிலிங்கில் படித்தார். கிட்டாரும் டிரம்பெட்டும் கைக்கு வந்தபின் பதின்மூன்று வயதிலேயே தந்தையின் குழுவில் சேர்ந்தார். பியானோவும் தந்தையிடம் கற்றதே. கல்லூரி முடித்ததும் தந்தையோடு காத்மாண்டு போய் ஓட்டல் மேடையில் வாசித்தார். ஜாஸ் பியானோக் கலைஞர்களான ஆஸ்கர் பீட்டர்சன், பில் எவன்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்ட காலம் இது. பீட்டர்சனிடமிருந்து வேகமும், எவன்ஸிடமிருந்து இடது கை கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுர அடுக்குகளை) அடக்கமாக அடுக்கும் நயமும் வந்தன என்று இவருடைய வாசிப்பைக் கேட்டுச் சொல்லலாம்.

பார்க் ஸ்ட்ரீட்

1971இல் கல்கத்தாவுக்கு வந்து ஹோட்டல் ஹிந்துஸ்தானில் வாசிக்கத் தொடங்கினார். அங்கே பழக்கமானவர்கள் பாடகி பாம் கிரெய்ன், கோவாவைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் பிராஸ் கான்சால்வஸ். இவர்களோடு 'லூயிஸ் பேங்க்ஸ் பிரதர்ஹுட்' குழு உருவானது. பெங்களூரில் வளர்ந்து சென்னை வழியாகக் கல்கத்தா வந்த கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ 1973இல் சேர்ந்துகொண்டார். குழுவின் நிலையான இடம் பார்க் ஸ்ட்ரீட்டின் 'ப்ளூ ஃபாக்ஸ்' உணவகம்.

அந்தத் தெரு அப்போது ஒரு தனி உலகம். ட்ரிங்காஸ், மோகாம்போ, மூலான் ரூஜ் என்று அடுத்தடுத்து மேடைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்குழு. ட்ரிங்காஸில் 1969 முதல் காஞ்சிபுரம் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடி ஊரை அசரவைத்தவர் ஒரு தமிழ்ப் பெண்: பிற்பாடு உஷா உதுப் என்று புகழ்பெற்ற உஷா ஐயர். சென்னை மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' மேடையில் பாடிவிட்டு வந்தவர். பார்க் ஸ்ட்ரீட்டை வெறும் வெள்ளைக்கார மிச்சம் என்று ஒதுக்குபவர்கள் அந்த மேடைகளில் நின்றவர்கள் யார் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

உணவக மேடை ஒரு கடுமையான பள்ளிக்கூடம். சாப்பிட வந்தவர் கேட்கும் பாட்டை வாசித்தாக வேண்டும். ஆட வந்தவர் கால் தடுக்காமல் தாளம் நிற்க வேண்டும். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தால் அதே பாட்டை அந்தக் கணமே இரண்டு சுருதி இறக்கி வாசிக்க வேண்டும். அது எளிதல்ல. சுருதி மாறினால் பியானோவில் கறுப்பு, வெள்ளை விசைகளின் அமைப்பே மாறிவிடும். பன்னிரண்டு சுருதிகளுக்கும் பன்னிரண்டு விரல் ஒழுங்கு. இதோடு வங்கத்து ஈரப்பதமும் சேரும். சுத்தியல்களின் கம்பளி ஈரம் குடித்து ஊதும், விசைகள் ஒட்டும், தந்திகள் துருவேறும். பியானோப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவது இந்தியக் கடலோர ஊர்களின் பழைய வைத்தியம். கேட்ட பாட்டை, கேட்ட சுருதியில், கிடைத்த வாத்தியத்தில் வாசிக்கும் திறமைதான் பிற்பாடு விளம்பர இசையில் இவருக்குச் சோறு போட்டது.

அதே நகரத்தில் வேறொரு பியானோ மரபும் இருந்ததைக் குறிப்பிட வேண்டும். பம்பாயில் பிறந்த பார்சியான வி. பால்சாரா 1950களில் கல்கத்தாவில் குடியேறி, வங்காளத் திரையிசையிலும் ரவீந்திர சங்கீதத்தைப் பியானோவில் வாசிப்பதிலும் பெயர் பெற்று, 2005இல் அங்கேயே காலமானார். பால்சாராவை வங்காள வீடுகள் சொந்தமாக்கிக்கொண்டன. பேங்க்ஸை உணவகத்துக்கு வந்தவர்கள் மட்டுமே கேட்டார்கள். நகரத்தின் வங்காள நடுத்தர வர்க்கம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ப்ளூ ஃபாக்ஸில் பேங்க்ஸைக் கேட்ட இந்தித் திரை இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் 'முக்தி' (1977) படத்துக்குப் பியானோ வாசிக்க பம்பாய்க்கு அழைத்தார். கல்கத்தாவில் அப்போது நிலைமை சரியாக இல்லை. நக்சலைட் இயக்கத்தின் கொந்தளிப்பு, நாள்தோறும் மின்வெட்டு, தொழிற்சாலைகள் மூடல், போதாக்குறைக்கு உணவகங்களில் நேரடி இசைக்கு விதித்த கேளிக்கை வரி. முதலாளிகள் முதலில் கைவைத்தது மேடையில்தான். கலைஞர்கள் சிலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள், சிலர் பம்பாய்க்கு. 1970களின் இறுதியில் பேங்க்ஸும் கிளம்பிவிட்டார். கிட்டோ கடைசிவரை கல்கத்தாவை விடவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு 2016 வரை வாழ்ந்தார்.

ராகமும் கார்டும்

பம்பாயில் 1978இல் 'ஜாஸ் யாத்ரா' விழா தொடங்கியது. உலக ஜாஸ் கலைஞர்கள் வந்துபோகும் மேடை அது. அங்கே அமெரிக்கர்களைப் போலவே வாசித்துக் காட்டுவதில் பொருளில்லை என்ற எண்ணம் இந்தியக் கலைஞர்கள் பலருக்கு வந்தது. பேங்க்ஸ் 1980களில் நடத்திய இந்தோ ஜாஸ் குழுவில் கான்சால்வஸின் சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் பெங்களூரின் கர்நாடகப் பாடகி ஆர்.ஏ. ராமமணி நின்றார்.

சிக்கல் இங்கேதான். ராகத்துக்குக் கார்டு கிடையாது. மோகனத்தில் ஐந்து சுரம். ஜாஸ் வழக்கப்படி கார்டு அடுக்கினால் மத்தியமமோ நிஷாதமோ பின்வாசலால் நுழைந்துவிடும், ராகம் கலைந்துவிடும். பியானோவில் கமகமும் வராது. ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே எதுவுமில்லை. இந்த வகை இசையில் இதற்குக் கண்ட வழிகள் சில: இடது கை தம்பூராபோல் சட்ஜ பஞ்சமத்தில் நிற்பது, ராகத்துக்குள்ளிருக்கும் சுரங்களைக் கொண்டே கார்டு கட்டுவது, கமகத்துக்குப் பதிலாக அண்டைச் சுரத்தை மின்னலாய்த் தொட்டு வருவது, வளைத்தே ஆகவேண்டிய இடத்தில் பியானோவை விட்டு சிந்தசைசருக்குப் போவது. ஆனால் லயத்தில் இரு மரபும் உடனே கைகோத்தன. தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொற்கட்டும் ஜாஸ் பாடகர்கள் பொருளற்ற அசைகளில் பாடும் முறையும் ஒன்றையொன்று துரத்துவது ராமமணியின் குரலில் இயல்பாக அமைந்தது. பேங்க்ஸின் மொத்தப் படைப்புகளில் இந்தக் கட்டமே மேலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மும்பை

வயிற்றுக்கு வழி விளம்பர இசை. முப்பது வினாடிக்குள் தொடக்கம், வளர்ச்சி, பொருளின் பெயர் எல்லாம் முடியவேண்டிய வடிவம். அதில் அவர் ஓயாமல் உழைத்தார். விளையாட்டு வீரர்கள் சுடர் ஏந்தி ஓடும் தூர்தர்ஷன் குறும்படத்துக்கும் இவர்தான் இசை.

1988 ஆகஸ்ட் 15 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பலர் கூடிச் செய்தது. எண்ணம் விளம்பரக்காரர் சுரேஷ் மல்லிக்குடையது. வரிகள் பியூஷ் பாண்டே. மெட்டு அசோக் பட்கி, பைரவியில். பீம்சேன் ஜோஷி தொடங்க, தமிழுக்கு பாலமுரளி கிருஷ்ணா வர, லதா மங்கேஷ்கர் முடிக்கிறார். ஒரே மெட்டு மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் உடை மாற்றிக்கொள்ள வேண்டும். அதே சமயம் தையல் தெரியக்கூடாது. அந்த வேலையைச் செய்தது பேங்க்ஸ். வங்காளப் பகுதியில் நான்கு வருடங்களுக்கு முன் ஓடத்தொடங்கிய கல்கத்தா மெட்ரோ வரும். 2010இல் வந்த மறு ஆக்கத்திலும் இவர் பங்கு உண்டு. முதலாவதன் அருகில்கூட அது வரவில்லை.

சென்னைப் பதிவு

2007இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் தம் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' தொகுப்பைச் சென்னையில் பதிவுசெய்தார். விசைப்பலகையில் பேங்க்ஸ், டிரம்ஸில் ரஞ்சித் பாரோட், தாள வாத்தியங்களில் சிவமணி. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு அஞ்சலியாக இந்திய, அமெரிக்கக் கலைஞர்கள் சேர்ந்து செய்த 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' (2008) தொகுப்பிலும் இவர் வாசித்தார். 2009ஆம் ஆண்டு கிராமி விருதுக்குச் சமகால ஜாஸ் பிரிவில் இந்த இரண்டு தொகுப்புகளுமே பரிந்துரையாயின. ஒரே பிரிவில் இரண்டிலும் இடம்பெற்றிருந்தார்; விருது ராண்டி பிரெக்கருக்குப் போயிற்று. சங்கர் மகாதேவன், சிவமணி, பாஸ் கிட்டார் கலைஞர் கார்ல் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'சில்க்' குழுவிலும் வாசித்திருக்கிறார். மகன் ஜீனோ பேங்க்ஸ் டிரம்ஸ் கலைஞர், நான்காவது தலைமுறை.

ப்ளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் பிறகு மெக்டொனால்ட்ஸ் கடை வந்தது. பேங்க்ஸை முதன்முறையாகக் கேட்க விரும்பும் தமிழ் வாசகர் சென்னைப் பதிவிலிருந்து தொடங்கலாம். அது எளிதில் கிடைக்கிறது. அதன்பின் ராமமணியோடு செய்தவற்றைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.