வெள்ளைப் பாடாணமும் பரோடா வழக்கும்

திருக்குறளின் கண்ணோட்டம் அதிகாரத்து இறுதிக் குறளில் வரும் நஞ்சு, உண்பவரின் கண்ணெதிரே கலத்தில் இடப்படுவது. இடுபவர் பழகியவர் என்பதால், தெரிந்திருந்தும் அதனை உண்டு அமைவர் நாகரிகம் உடையோர் என்பது அக்குறளின் கருத்து. உலகக் குற்ற வரலாற்றில் மிகப் பெரிய இடம் பிடித்த நஞ்சாகிய வெள்ளைப் பாடாணத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது கண்ணுக்குத் தெரியாமல் கலத்தில் சேர்வது. நிறமும் மணமும் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. சுவையும் ஏறத்தாழ இல்லை. எனவே அதன் வரலாறு, நஞ்சிட்டவர் யார் என்னும் வினாவின் வரலாறாகவும் அமைகின்றது. அவ்வினாவை வேதியியல் எந்த எல்லை வரை தீர்த்தது, எல்லைக்கு அப்பால் நின்று தீர்ப்பளித்தது எது என்பதை 1874 - 1875ஆம் ஆண்டுகளின் பரோடா வழக்கை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயரும் பொருளும்

பாடாணம் என்பது கல் எனப் பொருள்படும் வடசொல்லின் தமிழ் வடிவம். சித்த மருத்துவ நூல்கள் பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32 என 64 வகைகளைக் குறிக்கின்றன. அரிதாரம், மனோசிலை ஆகியவை ஆர்செனிக் கலந்த கனிமங்கள். வெள்ளைப் பாடாணம் ஆர்செனிக்கின் ஆக்சைடு. முறையாகச் சுத்தி செய்தால் மருந்து, செய்யாவிடில் நஞ்சு என்னும் தெளிவு அம்மரபில் உண்டு. பழனி மூலவர் திருவுருவைப் போகர் நவபாடாணத்தால் ஆக்கினார் என்னும் வழக்காறும் இங்கு நினைவுக்கு வருவது இயல்பே. இப்பொருளை மராத்தியரும் குஜராத்தியரும் சோமல் என்பர். இந்தி வழங்கும் பகுதிகளில் அது சங்கியா. தமிழ்நாட்டு வீடுகளிலோ எலிப்பாஷாணம் என்ற பெயரில் நெடுங்காலம் கடைச்சரக்காகவே வழங்கிற்று.

எளிதில் கிடைத்தது, சிறிதளவே போதுமானது என்னும் இரண்டும் அதன் கொடுமைக்குக் காரணங்கள். ஏறத்தாழ 200 மில்லிகிராம் ஒருவரைக் கொல்லப் போதும். மூன்றாவது காரணம் இவற்றினும் முதன்மையானது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு என அது காட்டும் குறிகள் வாந்திபேதிக்கு உரியவை. வாந்திபேதி ஊரையே வாரிச்சென்ற 19ஆம் நூற்றாண்டில் ஒரு தனிச்சாவை எவர் ஐயுறுவர்? பிரெஞ்சுக்காரர் இதற்கு 'வாரிசுரிமைப் பொடி' எனப் பெயரிட்டதில் எள்ளலைவிட அச்சமே மிகுதி எனலாம்.

சான்றாக மாறிய நஞ்சு

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் போடில் என்பவர் தம் பாட்டனாருக்குக் காப்பியில் பாடாணம் கலந்து கொடுத்ததாக வழக்கு எழுந்தது. ஊல்விச் படைக்கலச் சாலையின் வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் நஞ்சினை மஞ்சள் வீழ்படிவாகப் பிரித்தெடுத்தார். அது நடுவர்குழுவின் கைக்கு வருமுன் சிதைந்துவிட்டது, போடில் விடுதலையானார், குற்றத்தைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இத்தோல்வியே மார்ஷை உந்தியது. 1836இல் அவர் வெளியிட்ட முறையில், ஐயத்துக்குரிய பொருளுடன் துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்ப்பர். எழும் வளியை எரித்துக் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால், பாடாணம் இருப்பின் கரிய பளபளப்பான படிவு தோன்றும். ஒரு மில்லிகிராமில் 50இல் ஒரு பங்கு கூட இதற்குத் தப்பாது. பிரான்சில் 1840இல் மரீ லாஃபார்ஜ் தம் கணவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டபோது, தோண்டியெடுத்த உடலில் பாடாணம் இருந்ததை ஓர்ஃபிலா இம்முறையால் காட்டியதே வழக்கின் திருப்பமாயிற்று.

ஆயினும் அறிவியலரின் கையும் தவறக்கூடும். 1859இல் இலண்டனில் நடந்த ஸ்மெதர்ஸ்ட் வழக்கில், புகழ்பெற்ற நச்சியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் கண்டறிந்த பாடாணம், ஆய்வுக்கு அவர் பயன்படுத்திய செப்பு வலையிலிருந்தே வந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது.

சட்டமும் இந்நஞ்சின் பின்னே ஓடியது. 1851ஆம் ஆண்டு பிரித்தானியப் பாடாணச் சட்டம், 10 பவுண்டுக்குக் குறைந்த விற்பனையில் அப்பொடியோடு புகைக்கரியோ அவுரி நீலமோ கலக்கப்பட வேண்டும் என்றது. வெண்மை பறிபோனால் மாவெனவும் சர்க்கரையெனவும் மயங்கார் என்பது கருத்து. வயதுவந்த ஆடவருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு திருத்தமும் முன்மொழியப்பட்டது. பெண்ணினம் முழுவதையும் நஞ்சிடுவோராகக் கருதும் அத்திருத்தத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் கண்டித்து எழுதினார்; அது கைவிடப்பட்டது. பாடாண அச்சம் யார் மீது பாய்ந்தது என்பதற்கு இது ஒரு சான்று. இந்தியாவில் அது வேறிடம் நோக்கிப் பாய்ந்தது. தோலுக்காக மாடுகளுக்கு நஞ்சிடுகின்றனர் என்னும் பழி, தோல்தொழில் செய்த சாதியினர் மீது மொத்தமாகச் சுமத்தப்பட்டது. 1919ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டம் கொலையோடு கால்நடைக்கு நஞ்சிடலையும் சேர்த்தே பேசுவது இதன் எச்சமாகும்.

பரோடா

மார்ஷின் முறை இந்தியாவுக்கும் வந்தது. நீதிமன்றங்களுக்கு உதவும் அரசு வேதியியல் ஆய்வாளர் அலுவலகம் முதன்முதலில் சென்னையில் 1849இல் அமைந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் பின்னர் ஏற்பட்டது. பம்பாய் ஆய்வகத்துக்கு 1874 நவம்பரில் பரோடாவிலிருந்து வந்த பொருள், அரசியல் முதன்மை மிக்கது.

பரோடா மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாட், அண்ணனைக் கொல்லச் சதி செய்தார் என்னும் குற்றச்சாட்டில் 1863இல் சிறைப்பட்டவர். அண்ணன் மறைந்தபின் 1870இல் அரியணை ஏறியவர். அவரது ஆட்சிமுறை பற்றிய முறையீடுகள் பல, அவற்றை மறுப்பதற்கில்லை. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் ராபர்ட் ஃபேயருக்கும் அவருக்குமிடையே பகை முற்றியிருந்தது. ஃபேயரை மாற்றுமாறு 1874 நவம்பர் 2ஆம் நாள் மன்னர் வைசிராய்க்கு மடல் எழுதினார். நவம்பர் 9ஆம் நாள் காலை உலா முடித்துத் திரும்பிய ஃபேயர், வழக்கம்போல் வைக்கப்பட்டிருந்த பம்பளிமாசுச் சாற்றை இரண்டு மூன்று மிடறு பருகினார். சற்று நேரத்தில் குமட்டல் எழ, எஞ்சியதை வெளியே கொட்டினார். கண்ணாடிக் குவளையின் அடியில் கரிய கசடு தெரிந்தது. ரெசிடென்சி மருத்துவர் சீவர்டும் பம்பாய் ஆய்வாளர் கிரேயும் அதில் பாடாணமும் வைரத்தூளும் இருப்பதாகக் கூறினர்.

வைரத்தூள் இங்கு ஆராயத்தக்கது. வைரம் கரையாத பொருள். பாடாணம் போல் உயிரைப் பறிக்கும் வேதியியல் ஆற்றல் அதற்கில்லை. எனினும் அது கொடிய நஞ்சு என்னும் நம்பிக்கை இந்தியாவெங்கும் வேரூன்றியிருந்தது. வைர மோதிரத்தைப் பொடித்து விழுங்கி உயிர்விடும் காட்சிகள் நம் கதைகளுக்கும் புதியன அல்ல. ஆகவே, வேலை செய்யும் நஞ்சும் நம்பப்படும் நஞ்சும் அக்குவளையில் ஒன்றாகக் கலந்திருந்தன. வைரத்தூள் என்றதும் அரண்மனையின் நினைவு எழுமன்றோ? ஐயத்தின் திசையைத் தீர்மானித்ததில் பாடாணத்தைவிட வைரத்துக்கே பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பம்பாய்க் காவல் ஆணையர் ஃபிராங்க் சவுட்டர் புலனாய்வை நடத்தினார். ரெசிடென்சிப் பணியாளர் ராவ்ஜி மன்னிப்பு வாக்குறுதி பெற்று வாக்குமூலம் அளித்தார். அவரது இடைக்கச்சையில் ஒரு சிறு பொட்டலம் கிடைத்தது. அதிலிருந்ததும் பாடாணமே. மன்னரின் அந்தரங்கச் செயலர் தாமோதர் பந்தும் மன்னிப்பை எதிர்நோக்கியே வாய்திறந்தார். மன்னர் சார்பில் இலண்டனிலிருந்து வந்து வாதிட்ட பாலண்டைன், சாட்சியரின் இந்நிலையையும் பொட்டலம் கிடைத்த விதத்தையும் கடுமையாகத் தாக்கினார். மாற்றல் வேண்டி மடல் எழுதியவர் அதன் விளைவு தெரியுமுன் நஞ்சிட முனைவாரா என்பதும் அவர் தரப்பு வாதம். பொட்டலத்தில் இருந்தது பாடாணம் என்று ஆய்வகம் உறுதிபடக் கூறியது. அது கச்சைக்குள் எவ்வாறு வந்தது என்பதை எந்த ஆய்வகமும் கூற இயலாது.

1875 பிப்ரவரியில் கூடிய விசாரணை ஆணையத்தில் அறுவர் இருந்தனர். ரிச்சர்ட் கௌச், ரிச்சர்ட் மீட், மெல்வில் ஆகிய மூன்று ஆங்கிலேயரும் மன்னர் மீதான குற்றம் மெய்யென்றனர். குவாலியர் மன்னர், ஜெய்ப்பூர் மன்னர், தினகர் ராவ் ஆகிய மூன்று இந்தியரும் அது நிறுவப்படவில்லை என்றனர். கண்முன் வைக்கப்பட்ட கசடு ஒன்றே. கேட்ட சாட்சியங்களும் ஒன்றே. கருத்து பிரிந்த கோடோ ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் கோடாக இருந்தது. இந்தியர் மூவருள் இருவர் தாமும் அரசர் என்பதனால் அவர்தம் கருத்தை இனச்சார்பு எனத் தள்ளுவோர் உளர். அங்ஙனமாயின் மற்ற மூவரின் கருத்தையும் அதே துலாக்கோலில் இடுதல் வேண்டும். மீட், 1873இல் மன்னரின் முறைகேடுகளை ஆராய்ந்த ஆணையத்துக்கும் தலைமை வகித்தவர் என்பது மறக்கத்தக்கதன்று.

வைசிராய் நார்த்புரூக்கின் அரசு இம்முட்டுக்கட்டையைக் கடந்த முறை வியப்புக்குரியது. நஞ்சிட்ட குற்றத்துக்காக அன்றி, முறைகேடான ஆட்சிக்காகவும் தகுதியின்மைக்காகவும் மல்ஹார் ராவ் 1875 ஏப்ரலில் அரியணையிலிருந்து அகற்றப்பட்டார். குற்றத்தை விசாரித்த மன்றத்தின் முடிவு தேவையற்றதாக்கப்பட்டது. ஆட்சியைச் சீர்செய்ய 1875 இறுதி வரை அவருக்குத் தரப்பட்டிருந்த தவணையும் அத்தோடு முடிந்தது.

நீதிமன்றம் முடிக்காததை நாடக மேடை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே அமிர்தலால் பாசு வங்கமொழியில் எழுதிய நாடகத்தின் பெயர் 'ஹீரகசூர்ணம்', அதாவது வைரத்தூள். நாடகங்களைத் தணிக்கை செய்யும் 1876ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த சூழலில் இத்தகைய நாடகங்களுக்கும் இடமுண்டு.

பதவியிழந்த மன்னர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். புதிய மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர் சாயாஜிராவின் பெயரால் ஆட்சி நடத்தப் பரோடாவுக்குத் திவானாகச் சென்றவர், கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ். அவர் 1882இல் அப்பதவியை விட்டார். மல்ஹார் ராவ் சென்னையில் மறைந்ததும் அதே ஆண்டிலேயாம்.