வேணும், விசுவாசம்: முத்துக்குளித்துறை ஆசிரியர்கள் கற்ற பாடம்

1544ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய மடல்கள் பல. முத்துக்குளித்துறையின் ஊர்களில் ஆளுக்கொரு பக்கமாகச் சென்று சிறுவர்களுக்குச் செபங்களைக் கற்பித்து வந்தவர்கள் அவ்விருவரும். அம்மடல்களுள் ஒன்றில் சிறியதொரு திருத்தம் காணப்படுகிறது. விசுவாச அறிக்கையைத் தமிழில் சொல்லித் தரும்போது 'வேணும்' என்னும் சொல்லை இதுவரை பயன்படுத்தி வந்தோம். அதற்கு 'விரும்புகிறேன்' என்பதே பொருள். இனி அவ்விடத்தில் 'விசுவாசம்' என்னும் சொல் வருமாறு கற்பியுங்கள் என்பது அதன் சாரம்.

ஓர் ஆசிரியர் தம் பாடத்தில் இருந்த பிழையை உணர்ந்து, அதே பாடத்தை நடத்தும் இன்னோர் ஆசிரியருக்குத் தெரிவிக்கிறார். நமது கடற்கரையில் ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதற்கு எழுத்தில் எஞ்சிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில். தமிழில் அவருக்கு இருந்த பயிற்சி மிகக் குறைவு. அப்படியானால் 'வேணும்' என்பது பிழை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் யார்? உடன் வந்த தமிழ் மாணவரா, ஊர்க் கணக்கப்பிள்ளையா, பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவனா? அப்பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. பாடம் திருத்தப்பட்டது, திருத்தியவர் மறைந்துபோனார். இக்கட்டுரை அந்த மறைந்துபோனவரைப் பற்றியது.

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் இக்கரையின் புகழ்பெற்ற கடற்றுறைகள். முத்துக்குளித்தலில் எழுந்த பூசல்களுக்கிடையே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். திருமுழுக்கு நடந்ததே தவிர, கற்பிப்பார் எவருமில்லை. சவேரியார் வந்து கண்ட நிலை இதுதான்.

அவர் கையாண்ட முறையை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே விவரிக்கிறார். இருமொழியும் அறிந்த சிலரைக் கூட்டி, பல நாள் முயன்று செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்து, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்ற சிறுவர்கள் தம் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் அதனைக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரை விட்டு நீங்கும்போது செபங்களின் எழுத்துப் படியை அங்கேயே விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொள்வர்.

இதன் நோக்கம் சமயம் பரப்புதலே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெரியோரின் பழைய வழிபாட்டைக் காட்டிக்கொடுக்கவும், உருவச் சிலைகளை உடைக்கவும் அதே சிறுவர்கள் பயன்படுத்தப்பட்டதை அம்மடலே பெருமிதத்தோடு குறிப்பிடுகிறது. குழந்தையின் ஆர்வத்தை எந்த நோக்கத்துக்கும் வளைக்க முடியும் என்பதற்கு அது சான்று. நாம் ஈண்டு நோக்குவது அதன் உள்ளே இருந்த கற்பித்தல் அமைப்பை.

சவேரியார் ஓர் ஊரில் தங்கியிருந்த காலம் சில வாரங்களே. அவர் போனபின் ஒவ்வொரு நாளும் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தவர்கள் ஊரிலேயே தெரிந்தெடுக்கப்பட்ட கணக்கப்பிள்ளைகள். இவர்களின் ஊதியத்துக்காகப் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்திலிருந்து ஆண்டுக்கு 4000 பொற்பணம் சவேரியார் கேட்டுப் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அரசியின் காலணிப் பணம் பதிவாகியிருக்கிறது; அதைப் பெற்று மணலில் அமர்ந்து பாடம் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெயரின்றிப் போயினர்.

மன்சிலாசுக்கு எழுதிய மடல்களில் மீண்டும் மீண்டும் வரும் வேண்டுகோள், ஊர்தோறும் சென்று சிறுவர்களின் படிப்பு நடக்கிறதா என்று பாருங்கள் என்பது. மேற்பார்வை, ஊதியம், பாடத்திருத்தம் மூன்றும் அம்மடல்களில் கலந்தே வருகின்றன. முதல் இரண்டும் எந்த நிருவாகத்திலும் இருப்பவை. மூன்றாவது அரிது. 'நான் சொல்லித் தந்தது தவறு' என்று ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் ஒப்புக்கொள்ளும் துணிவு அதற்கு வேண்டும்.

அத்துணிவை ஒரு முறைமையாகவே வளர்த்தவர் அன்றிக்கே அடிகளார் எனப்படும் என்றிக் என்றிக்கசு. 1520இல் போர்த்துக்கல்லில் பிறந்து, 1547இல் இக்கரைக்கு வந்தார். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தவர், பின் இரவும் பகலும் முயன்று சில மாதங்களில் தமிழில் எழுதவும் பேசவும் தேர்ந்தார். தாம் கற்றதோடு அவர் நிற்கவில்லை. உடன் பணியாற்றிய துறவியர் தமக்குள் தமிழிலேயே உரையாட வேண்டும், தவறுவோர் ஒறுத்தல் ஏற்க வேண்டும் என்று ஒரு விதி செய்துகொண்டனர். மாணவர் முன் பேசுவதற்கு முன்னால், ஆசிரியர்கள் ஒருவர் முன் ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசிப் பழகினர் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

1549 அளவில் அவர் எழுதிய தமிழ் இலக்கணமும் அத்தகையதே. புதிதாக வரும் பணியாளருக்கு உதவும் கையேடாக, போர்த்துக்கீசிய மொழியில், கடற்கரையில் வழங்கிய பேச்சுத்தமிழை விளக்கும் நூல் அது. லிசுபன் நூலகத்தில் கையெழுத்துப் படியாக உள்ள அந்நூலை, ழான் ஐன், வி.எசு. இராசம் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியிட்டனர்.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. அதனைத் தமிழாக்கியதில் என்றிக்கசோடு மனுவேல் தெ சான் பெத்ரோ என்பவரின் பெயரும் நூலின் முகப்பிலேயே உள்ளது. அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. அதன் மூலம் மார்க்கோசு சோர்சு என்பார் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே உரையாடல் வடிவில் எழுதிய போர்த்துக்கீசிய நூல். ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் அமைப்பு அது. ஆகவே அது குழந்தைகளின் நூல் மட்டுமன்று. எப்படிக் கேட்பது என்று ஆசிரியருக்குக் காட்டும் நூலும் ஆகும். இவ்வச்சு முயற்சிக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சின் தொடக்கம் பேசப்படும்போது எழுத்து வார்ப்பித்தவர்களின் பெயர்கள் வருகின்றன. அந்நூல்களை வகுப்பில் வைத்துப் பயன்படுத்திய கணக்கப்பிள்ளைகள் அங்கும் வருவதில்லை. 1600ஆம் ஆண்டில் என்றிக்கசு மறைந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெயர் மறையும் இவ்வழக்கம் மதபோதகர்களோடு முடிந்துவிடவில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதையர் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், அத்தகைய ஒரு பள்ளியைக் கண்டு, தம் காப்பகத்திலும் மணலில் எழுதச் செய்யுமாறு ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் முடியாது என்றனர். பெல் அவ்வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார், நடந்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராசு முறை' என உலகெங்கும் பரவியது. எந்தத் திண்ணையில் எந்த ஆசிரியரிடம் அவர் அதைக் கண்டார் என்பது எஞ்சவில்லை. எஞ்சியது ஊரின் பெயர் மட்டும்.

பிற்காலத்தில் இம்மாவட்டத்தில் ஆசிரியரை உருவாக்கும் நிறுவனங்கள் எழுந்தன. 1840களில் சாயர்புரத்தில் சி.யு. போப் நடத்திய கல்விச்சாலை உபதேசியாரையும் ஆசிரியரையும் பயிற்றுவித்தது. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1982 சூலை 1இல் தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். அரசு கொண்டுவந்த சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளையும் நாள்தோறும் ஓரிடத்தில் கூட்டியது. சவேரியார் மணியடித்து நடந்த கடற்கரையூர்களிலும் இன்று அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கணக்கப்பிள்ளை இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறார்.

அவர் யாரிடம் கற்கிறார்? பணியில் சேரும்போது பயிற்சி உண்டு. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டக் கையேடு உண்டு. மாதந்தோறும் கூட்டமும் உண்டு. ஆனால் எடை, உயரம், உணவுக் கணக்கு, பதிவேடு, இப்போது கைபேசிச் செயலி ஆகியவற்றிலேயே கூட்டத்தின் நேரம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கரைமடியிலிருந்து நேரே வரும் தாயிடம் அழுது ஒட்டிக்கொள்ளும் குழந்தையை எப்படிப் பாடலுக்கு இழுத்தோம், சிப்பியைக் கொண்டு எண் சொல்லித் தந்தது எங்கே பிழைத்தது என்று ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதற்கு அங்கே இடம் குறைவு.

இப்படிப் பேசுவதையே கல்வியின் மையமாக வைத்த ஊர்கள் உலகில் உண்டு. இத்தாலியின் ரெச்சோ எமிலியா அருகே, 1945இல் போர் விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் மக்கள் ஒரு மழலையர் பள்ளியைக் கட்டினர். லோரிசு மலகுத்சி அவர்களோடு இணைந்தார். குழந்தைகள் பேசியதையும் வரைந்ததையும் குறித்துவைத்து, ஆசிரியர்கள் கூடி அமர்ந்து அவற்றை ஆராய்வது அங்கு வழக்கமாயிற்று. சப்பானில் ஒருவர் நடத்தும் பாடத்தைச் சக ஆசிரியர்கள் அமர்ந்து பார்த்து, பின்னர் கூடி விவாதிக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. இவற்றை நாம் கருத்தரங்குகளில் வியந்து பேசுகிறோம். 'வேணும்' என்பதை மாற்றிய மடல் நம் கரையில் எழுதப்பட்டது என்பதை எண்ணுவதில்லை.

கல்லூரியில் பணிபுரியும் நமக்குப் புத்தொளிப் பயிற்சி உண்டு. அது பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது. கட்டுரை எழுதினால் பெயர் நிற்கிறது. மொழியின் முதற்சொற்களை ஒரு குழந்தைக்குத் தருபவருக்கோ, தாம் கண்டறிந்ததைச் சொல்ல ஒரு பக்கம்கூட இல்லை. இருபது வயது மாணவரிடம் நாம் செய்யும் பிழையை அவர் நூலகத்தில் திருத்திக்கொள்வார். நான்கு வயதில் தவறாகப் பதிந்த சொல் அத்தனை எளிதில் மாறுவதில்லை. எங்கே கூடிக் கற்பது மிகவும் தேவையோ அங்கேதான் அதற்கு நேரமில்லை.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மூழ்குபவரும் மேலே கயிறு பிடிப்பவரும் ஒருவரையொருவர் நம்பிச் செய்த தொழில் அது. வணிகர் ஏடுகளில் முத்தின் விலை இருக்கிறது. அவ்விருவரின் பெயர் இருக்காது. கல்வியிலும் நாம் அவ்வாறே கணக்கெழுதி வந்திருக்கிறோம்.

மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரமேனும் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, 'சென்ற மாதம் நான் சொல்லித் தந்ததில் பிழைத்தது இது' என்று ஒருவர் தொடங்க இடமிருக்க வேண்டும். சொன்னவரின் பெயரோடு அது ஒரு நோட்டில் எழுதப்படவும் வேண்டும். 1544இல் திருத்தம் மட்டும் எழுதப்பட்டது.