தறிக்கூலியும் ஆலைச் சம்பளமும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் உழைப்புக்கு இரண்டு வகையில் விலை வைக்கப்படுகிறது. தறியில் புடவைக் கணக்கு, ஆலையில் மாதக் கணக்கு. தொழிற்சங்கம் இரண்டு இடங்களிலும் கால் வைத்தது. இரண்டிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது திருப்புட்குழி. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். அன்று படிப்புக்காக மேற்கே வந்த வழியில், இன்று இவ்வூர்க்காரர்கள் ஆலை வேலைக்காகக் கிழக்கே போகிறார்கள்.

பழைய தொழில் தறி. பட்டுக்காரரிடமிருந்து பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் நெசவாளர் வீட்டுக்கு வரும். புடவையாகத் திரும்பிப் போகும்போது கூலி கைக்கு வரும். கோர்வைப் புடவையென்றால் உடலுக்கும் கரைக்கும் நிறம் வேறு; மூன்று நாடா ஓடும்; கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளின் கூலி நெசவாளர் தலையில். பெரும்பாலும் அந்த ஆள் வீட்டுப் பிள்ளை, அல்லது முன்பணத்துக்கு ஈடாக விடப்பட்ட அடுத்த வீட்டுப் பிள்ளை.

இந்த அமைப்பில் வேலைநிறுத்தம் என்பது எளிதல்ல. ஆலைக்குக் கதவு உண்டு, அதன் முன்னால் கூடி நிற்கலாம். தறியோ வீட்டுக்குள் இருக்கிறது. அது நின்றால் அந்த வாரமே அடுப்பும் நிற்கும். பட்டுக்காரரின் அலமாரியில் நெய்த சரக்கு இருக்கும், அவர் காத்திருக்கலாம். காத்திருக்க மனமில்லையென்றால் பாவை வேறு ஊர்த் தறிக்கு அனுப்பலாம். வாங்கிய முன்பணமோ நெசவாளரின் வாயை முன்னமே கட்டியிருக்கும். ஒரு பொருளின் மொத்தச் செலவில் கூலியின் பங்கு சிறிதாகவும், அந்த உழைப்புக்கு மாற்று கிடைப்பது அரிதாகவும் இருந்தால்தான் சங்கத்தின் கை ஓங்கும் என்றார் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல். பட்டும் ஜரிகையும் விலையில் பெரும்பங்கை விழுங்கும் புடவையில் முதல் நிபந்தனை ஓரளவு பொருந்துகிறது. இரண்டாவது சறுக்கிவிடுகிறது: கைத்திறனுக்கு மாற்று இல்லை, ஆனால் அதே திறனுள்ள கை அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

அதனால் காஞ்சியில் கூலியின் அளவுகோலாகச் சங்கத்தைவிடக் கூட்டுறவே வேரூன்றியது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த சில மாதங்களில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது. மாகாண அளவில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவான கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பாவு கொடுத்தன, நிர்ணயித்த கூலி கொடுத்தன, போனஸும் கொடுத்தன. தொழிற்சங்கங்கள் செய்த கெட்டிக்காரத்தனம், சிதறிக் கிடந்த பட்டுக்காரர்களோடு மட்டும் மோதிக்கொண்டிராமல், கூட்டுறவின் கூலியை உயர்த்தச் சொல்லி அரசிடம் கேட்டதுதான். அங்கே கூலி கூடினால் தனியாரிடமும் அதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் கூட்டுறவு தரும் வேலைக்கு அளவு உண்டு. புடவை தேங்கினால் பாவு குறையும். கூலி உயர்ந்தும் மாத வருமானம் உயராமல் போவது இப்படித்தான்.

ஆலைச் சங்கத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு உடன் நின்றவர்கள். நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் தொழிலாளருக்குள்ளேயே சாதிப் பிளவாக உடைந்து, புளியந்தோப்புக் கலவரத்தில் இரத்தம் சிந்தித் தோற்றது. வேலைக்குத் திரும்பியவர்களும் திரும்பாதவர்களுமாகத் தொழிலாளர் பிளந்தபின் பேரம் பேச வலுவில்லை. வாடியா மீதான வழக்கு கிளப்பிய கேள்விக்குப் பதிலாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அது பதிவைத் தந்தது, வழக்கிலிருந்து பாதுகாப்பைத் தந்தது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. நூறாண்டுத் தகராறுகளில் பல இந்த இடைவெளியில் முளைத்தவை.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் பரவின. இங்கே கூலி மொத்தச் செலவில் சிறு பங்கு. போட்ட இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக முடியாது. எனவே நிரந்தரத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ணுக்குத் தெரியும் உயர்வை வாங்கித் தந்தது. முதலாளிகள் அதற்குத் தந்த பதில் ஆட்குறைப்பாக இருந்ததைவிட, ஆள் எடுக்கும் முறையை மாற்றுவதாக இருந்தது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கணக்கு நிறைவதற்கு முன்பே அனுப்பிவிடுவது, பயிற்சியாளர் என்று பெயர் வைப்பது, ஒப்பந்ததாரர் பட்டியலில் சேர்ப்பது என்று வழிகள் பிறந்தன. ஒரே வரிசையில் ஒரே திருகை முறுக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஊதிய ஒப்பந்தம் பொருந்தும்.

சங்கம் வந்தால் ஆலை ஓடிவிடும் என்ற பேச்சுக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைப்பேசி ஆலையை உதாரணம் காட்டுவது உண்டு. பொருந்தாத உதாரணம். அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்தன, உண்மை. ஆனால் 2014 நவம்பரில் கதவு மூடியதற்குக் காரணம் வருமான வரித் தகராறில் சொத்து முடங்கியதும், கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த ஆலையை விட்டுவிட்டதும்தான். சங்கத்தால் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. வேலை போனதற்கு அது காரணமும் இல்லை.

சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீண்டது. சம்பளத்தைவிடச் சங்கத்தின் பதிவும் அங்கீகாரமுமே அங்கே முதல் சிக்கல். உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அவ்வாண்டு மே மாத ஒப்பந்தத்தில், மூன்றாண்டுகளில் மாதம் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு முடிவானது. தறியில் இப்படி ஒரு தொகையை ஒரே கையெழுத்தில் வாங்கிய வரலாறு இல்லை.

தொழிலாளர் சட்டங்களை வைத்து மாநிலங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது டிமத்தி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் 2004இல் வெளியிட்டது. தொழிலாளர் பக்கம் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் பின்தங்கின என்றது அது. தமிழ்நாட்டை முதலாளி பக்கச் சாய்வுள்ள மாநிலமாக வைத்தது. கேரளத்தையும் அதே பட்டியலில் சேர்த்தது! ஆதித்ய பட்டாச்சார்ஜியா போன்றோர் அந்த வகைப்பாட்டையே கேள்வி கேட்டார்கள். ஏட்டுச் சட்டம் ஒன்று, ஆலை வாசலில் நடப்பது வேறு என்பதைக் காஞ்சி வட்டாரமே காட்டும்.

ஆலைச் சம்பளம் தறியையும் தொட்டது. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நடவடிக்கையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். வளர்ந்தவர்கள் கம்பெனிப் பேருந்தில் ஏறினார்கள். கரை நாடாவுக்கு ஆள் தேடும் நெசவாளர் இப்போது போட்டியிட வேண்டியது பக்கத்துத் தறியோடு அல்ல, ஒரகடத்து ஒப்பந்தக் கூலியோடு. ஆள் கிடைக்காத வீடுகளில் கோர்வை கைவிடப்பட்டு, ஒற்றை ஆள் நெய்யக்கூடிய புடவைக்குத் தறி மாறியது.