குமிழ் யார் கையில்? பஞ்சாயத்து ரேடியோவிலிருந்து சுவர்ப் பெட்டி வரை



நம்ம கொங்குப் பக்கம் மாரியம்மன் கோயிலுக்கு நோம்பி சாட்டியாச்சுன்னா அடுத்த வேலை 'ரேடியோ கட்டுறது'. கம்பத்தில் கட்டுவது குழாய் ஒலிபெருக்கி, பாட்டு வருவது பென் டிரைவில் இருந்து. வானொலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பெயர் 'ரேடியோ செட்'தான். ஒரு காலத்தில் கிராமத்தில் தினமும் கேட்ட ஒலிபெருக்கி பஞ்சாயத்து ரேடியோவினுடையது என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு பக்கம், கோவையில் புதிதாகக் கட்டும் கல்லூரி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எதற்குள் போனாலும் சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கலாம். ஒரு குமிழ், சில சமயம் ஒரு தொடுதிரை. எங்கோ ஒரு அறையில் இருக்கும் ஒலி அமைப்பை அங்கிருந்தே கூட்டலாம், குறைக்கலாம், வேறு பாட்டுக்கு மாற்றலாம். நெட்வொர்க்கில் ஓடும் ஒலி அமைப்புக்கான சுவர் ரிமோட் அது.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒலி ஓரிடத்தில் பிறந்து பல இடங்களில் கேட்கும்போது, அதைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் உரிமை யாருக்கு? நூறு வருஷக் கதை இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

குமிழே இல்லாத காலம்

கோவையில் ஊருக்கே பொதுவாகக் கேட்ட இயந்திர ஒலி மில் சங்குதான். 1888ல் முதல் பஞ்சாலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் என்று ஆலைகள் பெருகின. ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். வேலைக்குப் போகிறவருக்கும் அது கேட்கும், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவருக்கும் கேட்கும். கேட்பவர் கையில் எந்தக் குமிழும் இல்லை.

வானொலியும் நம் மாநிலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. 1924ல் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927ல் நின்றுவிட்டது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் மெரினா கடற்கரை மாதிரிப் பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் சங்கீதமும் கேட்டுவிட்டுப் போனார்கள். 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலி சென்னையில் தன் நிலையத்தைத் தொடங்கும் வரை இது நடந்தது.

கடற்கரையில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். கிராமத்தில் வீட்டை விட்டு எங்கே போவது?

பூட்டிய பெட்டி, திறந்த குழாய்

ரேடியோவின் விலை ஒரு பெரிய தடை. நம்ம ஊர் ஜி.டி.நாயுடு 1941ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்து தர முடியும் என்று அறிவித்தார். ஆனாலும் அது வீட்டுக்கு வீடு வந்துவிடவில்லை. அதோடு ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

இதற்கு அரசு கண்ட வழி, ஊருக்கு ஒரு ரேடியோ. கிராமங்களில் பொது ரேடியோ வைப்பது வெள்ளைக்காரர் காலத்திலேயே சில மாகாணங்களில் சோதனையாக நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் மத்திய, மாநில அரசுகளின் பணத்தில் பரவியது. பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதற்கென்று கட்டிய ரேடியோ ரூமிலோ பெட்டி இருக்கும். ஒலிபெருக்கி வெளியே சுவரில் அல்லது மாடியில் இருக்கும். சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து போடுவார், நேரம் முடிந்ததும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. செய்தி, மழை நிலவரம், வேளாண்மைக் குறிப்பு எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1960களில் தஞ்சைப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலி மூலம் பரவியது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோவைக்கே ஒரு வானொலி நிலையம் 1966ல் வந்தது.

ஒலி சாதி பார்க்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த ஊர்கள் இவை. எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார முடியாத காலத்திலும் குழாயிலிருந்து வந்த செய்தி காற்று போன திசையெல்லாம் போனது. ஊருக்குள் நுழையத் தயங்கியவர் காதிலும் அது விழுந்தது. ஆனால் ரேடியோ ரூம் ஊருக்குள்தான் இருந்தது, சாவி ஊர்க்காரர் கையில்தான் இருந்தது. கேட்கும் உரிமை பரவிய அளவுக்குத் திருப்பும் உரிமை பரவவில்லை. என்னைப் பொறுத்தவரை பஞ்சாயத்து ரேடியோவின் கதை இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. சட்டைப்பையில் அடங்கும் அந்தப் பெட்டியின் குமிழை யார் வேண்டுமானாலும் திருப்பலாம். இலங்கை வானொலி வேண்டுமா, திருச்சி வேண்டுமா, அவரவர் விருப்பம். ரேடியோ ரூம்கள் மெல்ல மெல்லப் பூட்டியே கிடந்தன.

கடல் தாண்டிய சுவர்ப் பெட்டிகள்

நம்மிடம் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியை வேறு சில நாடுகள் வீட்டுக்குள்ளேயே மாட்டின. சிங்கப்பூரில் 1949ல் 'ரீடிஃப்யூஷன்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கம்பி வழியாக ஒலிபரப்பத் தொடங்கியது. மாதச் சந்தா 5 வெள்ளி. வீட்டிலும் காப்பிக் கடையிலும் ஒரு பெட்டி மாட்டிவிடுவார்கள். அதற்கு ஏரியலும் வேண்டாம், அலைவரிசை தேடவும் வேண்டாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம், அவர்கள் அனுப்பும் இரண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். 1980களின் தொடக்கத்தில் சந்தாதாரர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 2012ல் அந்தச் சேவை மூடப்பட்டது.

சோவியத் ரஷ்யாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அரசு ஒலிபரப்பு கம்பி வழியாக வீட்டுச் சுவருக்கே வந்தது. 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் நகரம் முற்றுகையில் இருந்தபோது நிகழ்ச்சி இல்லாத நேரத்திலும் அந்தப் பெட்டிகளில் ஒரு மெட்ரோனோம் துடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாகத் துடித்தால் ஆபத்தில்லை. வேகமாகத் துடித்தால் விமானத் தாக்குதல். பசியில் கிடந்த மக்களுக்கு நகரம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று சொன்னது அந்தத் துடிப்புதான். பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாத குளிரில் அவர்களை ஒன்றாகக் கட்டியது ஒரு கம்பி.

சிங்கப்பூரில் ரீடிஃப்யூஷன் தொடங்கிய அதே 1949ல்தான் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலும் வெளிவந்தது. அதில் சுவரில் ஒரு கருவி இருக்கும். சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் முழுதாக நிறுத்த முடியாது. லெனின்கிராடில் உயிர்த்துடிப்பாக இருந்ததும் ஆர்வெல்லின் கதையில் பயமாக இருந்ததும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். அணைக்கும் உரிமை யாரிடம் என்பதில்தான் வித்தியாசம்.

நூறு வோல்ட் தந்திரம்

இனி கொஞ்சம் டெக்னிக்கல். (கொட்டாவி விடாதீங்க, சீக்கிரம் முடிச்சிடறேன்! :-))

சாதாரண ஸ்பீக்கர் ஒயரை ரொம்ப தூரம் இழுத்தால் பாதி சக்தி ஒயரிலேயே வீணாகிவிடும். பைக்காரா மின்சாரத்தைக் கோவைக்குக் கொண்டுவந்தபோது இருந்த அதே பிரச்சினை, அதே தீர்வு. வோல்டேஜை ஏற்றி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கிக்கொள்வது. ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் வரை ஏற்றுவார்கள், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கும். ஒரே ஜோடி ஒயரில் வரிசையாகப் பத்து வகுப்பறைக்குக் கொடுக்கலாம்.

இந்த முறையோடுதான் சுவர்க் குமிழ் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் வந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் அந்தப் பெட்டி வழியாகப் போகும். குமிழைத் திருப்பினால் அந்த அறையில் மட்டும் சத்தம் குறையும், பக்கத்து அறைக்குத் தெரியாது. நல்ல பெட்டிகளில் ஒரு ரிலேயும் இருக்கும். தீ விபத்து மாதிரி அவசர அறிவிப்பு வரும்போது, குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் அதைத் தாண்டி ஒலி வந்துவிடும். அன்றாடம் அறையில் இருப்பவர் சொல்படி, ஆபத்தில் பொது நன்மைப்படி. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கிடைக்காத சமரசம் இந்தக் கையளவு பெட்டிக்குள் இருந்தது.

குமிழ் மனுவானது

1996ல் கோப்ராநெட், 2006ல் டான்டே என்று ஒலியைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலேயே அனுப்பும் முறைகள் வந்தன. 2003ல் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் தரநிலை வந்தது. இதனால் சுவர் ரிமோட்டுக்குத் தனி கரண்ட் இணைப்பு தேவையில்லை. 100 மீட்டருக்குள் ஒரு கேபிள் இழுத்தால் போதும்.

பார்க்கப் பழைய பெட்டி மாதிரியே இருந்தாலும் உள்ளே எல்லாம் மாறிவிட்டது. பழைய குமிழ் வழியாக ஒலியே ஓடியது, திருப்பினால் குறைந்தே தீரும். பொதுவாகப் புதிய பெட்டிக்குள் ஒலி வருவதில்லை. 'அறை எண் 4ல் கொஞ்சம் குறைக்கவும்' என்று மையக் கருவிக்கு அது ஒரு செய்தி அனுப்புகிறது, குறைப்பது மையம். அங்கே உட்கார்ந்திருப்பவர் எல்லை வைக்கலாம், பூட்டலாம், அந்தப் பெட்டியையே செயலிழக்கச் செய்யலாம். குமிழ் இப்போது தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஆகிவிட்டது!

அதனால் இதைப் பொருத்துகிறவர்கள் சுவரில் துளை போடுவதற்கு முன்பே சில விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும். குமிழைத் திருப்பினால் கேட்கும் மாற்றம் அங்கேயே நின்று கேட்கும்படி இருக்க வேண்டும், வராண்டாவில் பெட்டியும் அறைக்குள் ஸ்பீக்கருமாக இருந்தால் பயனில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்ட வேண்டும். பெயர்கள் தமிழிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் மண்டபத்தில் அதைத் தொடப்போவது பெரும்பாலும் சமையல்காரரும் வாட்ச்மேனும்தான். நெட்வொர்க் படுத்துவிட்டாலும் அவசர அறிவிப்பு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையில் இருப்பவர் எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன (விழாக்களுக்கு மாநில அரசு சில நாட்கள் விலக்கு தரலாம்). நோம்பி ரேடியோவுக்குக் குமிழ் ஒன்று கேட்பவர் பக்கமும் இருக்கிறது என்று சட்டம் சொன்னது அப்போதுதான்.

சங்கு ஊதிய காலத்தில் அந்த உரிமை யாருக்கும் இல்லை. ரேடியோ ரூம் காலத்தில் ஒரு சாவிக்காரருக்கு இருந்தது. டிரான்சிஸ்டர் அதை எல்லோர் கையிலும் கொடுத்தது. இன்று சுவரில் மாட்டும் பெட்டி அதைக் கொடுப்பது மாதிரிக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஒரு பூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைக்க முடியும். வேண்டாம் என்றால் நிஜமாகவே நமக்குக் கொடுக்கவும் முடியும். தொழில்நுட்பம் இரண்டுக்கும் தயார். எது நடக்கும் என்பது, பொருத்தும் நாளில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்க ஊர் ரேடியோ ரூம் இப்ப என்னவா இருக்குங்க? ரேஷன் கடையா, குடோனா, இல்லை இடிச்சே போட்டாங்களா? வீட்டுல பெரியவங்க இருந்தா, சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. மீதி வரலாறு அவங்ககிட்டதான் இருக்கு.