தற்காலிக மூளை ரத்தத் தடை: பின்விளைவுகளும் சிக்கல்களும்

மூளைக்குச் செல்லும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் தானாகவே சீராகும் நிலை இது. பேச்சுவழக்கில் ‘மினி ஸ்ட்ரோக்’. வாய் கோணும், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போகும், பேச்சு குழறும். சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாற்போல் பார்வை மறையும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அறிகுறிகள் 24 மணி நேரத்துக்குள் மறைய வேண்டும் என்பது பழைய வரையறை. ஸ்கேனில் மூளைத்திசு அழிந்த தடயம் இருக்கக்கூடாது என்பது 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்.

ஆளைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். 2000இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், இப்படி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு 90 நாட்களுக்குள் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களிலேயே. ஆனால் 2007இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு, உடனடியாகச் சோதித்து மருந்து தொடங்கினால் இந்த விகிதம் 10.3இலிருந்து 2.1 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. வேறு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட இது முக்கியமானது.

வயது, ரத்த அழுத்தம், அறிகுறியின் தன்மை, நீடித்த நேரம், சர்க்கரை நோய் ஆகிய ஐந்தையும் கூட்டி 7க்கு மதிப்பெண் போட்டு, பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கழுத்துத் தமனி 70 சதவீதம் அடைபட்டவருக்கு இரண்டு வாரத்துக்குள் அறுவை தேவைப்படலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும். மற்றவர்களில் ஆபத்து கூடியவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து, பொதுவாக 21 நாட்கள் தரப்படும். அதற்கு மேல் நீட்டினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஸ்கேன் எடுக்குமுன் வீட்டிலேயே ஆஸ்பிரின் விழுங்குவதும் சரியல்ல.

பக்கவாதம் தவிர, பின்னாளில் மாரடைப்பும் வரலாம். சோர்வு, மறதி, மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் ஆகியவை சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

காரைக்குடி வட்டாரத்தில் இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பதில் மருந்துக்கு இருக்கும் அளவு பங்கு தூரத்துக்கும் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012இல்தான் தொடங்கியது. மதுரை ராஜாஜி மருத்துவமனை ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் முதியவர்கள் மட்டும் வாழும் குடும்பங்கள் செட்டிநாட்டில் ஏராளம். வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் ஆச்சி தடுமாறி உட்கார்ந்தால் முகப்பில் இருப்பவருக்குத் தெரியாது. இது வெறும் வீட்டமைப்புச் சிக்கல் அல்ல: அடுத்து முழுப் பக்கவாதமே வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் பார்த்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. பார்த்தவர் இல்லையென்றால் கணக்கே தடுமாறும்.

நீண்டகாலத்தில் ரத்த அழுத்தமே பெரிய எதிரி. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. உப்புக்கண்டமும் ஊறுகாயும் வற்றலும் அதை எளிதில் தாண்டிவிடும்.

அறிகுறி மறைந்துவிட்டாலும் காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.